ஹுணசேமர கேட்டில் வண்டி எண்ணிய கதை

ரோட்டோரத்தில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணுவது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கண்ணைச் சிமிட்டவே பயமாக இருக்கும்.

நான் காக்ஸ் டவுன்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. பல வருஷம் தையல் கம்பெனியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மா மூலமாக இந்த வேலை கிடைத்தது. புதிதாக ஒரு பைபாஸ் ரோடு போட்டால், ஊருக்குள் போகிற பழைய ரோட்டில் வண்டி குறைந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பைபாஸ் திறப்பதற்கு முன்னால் ஒரு முறை எண்ணுவார்கள், திறந்த பிறகு ஒரு முறை எண்ணுவார்கள். கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். அதையும் வைத்தார்கள். மரக்கிளை ஆடினால் அதையும் ஒரு வண்டி என்று சேர்த்துக்கொள்கிறது என்று சொல்லி, அதைச் சரிபார்க்க எங்களையும் உட்கார வைத்தார்கள். பஸ் கண்டக்டர், டோல்கேட்டில் உட்காருகிறவர், ஸ்கூல் வாசலில் நிற்கிற ஆயா என்று ரோட்டைப் பார்த்தே பிழைக்கிற யாராவது இதைப் படித்தால், என் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எந்தக் கட்டம்?

எங்களுக்குக் கொடுக்கிற ஷீட்டில் டூ வீலருக்கு ஒரு கட்டம், ஆட்டோவுக்கு ஒரு கட்டம், கார், பஸ், லாரி, சைக்கிள், கடைசியில் ‘இதர’ என்று ஒன்று. ஒரு வண்டி போனால் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். சூப்பர்வைசர் நாகராஜ் கன்னடக்காரர். ஆஸ்டின் டவுனில் தமிழ்ப் பையன்களோடு வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். “ஒரு வண்டியையும் விடக்கூடாது, ஒரு வண்டியையும் ரெண்டு தரம் போடக்கூடாது, அவ்ளோதாம்மா வேலை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது காதில் மாதா கோயில் மணி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் நாளே ஒரு டெம்போ வந்தது. அதன் மேல் புத்தம் புதிய பைக்குகளைக் கட்டி ஷோரூமுக்குக் கொண்டுபோகிறார்கள். டெம்போவுக்கு மட்டும் கோடு போடுவதா, பைக்குகளுக்கும் போடுவதா? அதை யோசித்து முடிப்பதற்குள் இன்னொருவர் பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி திட்டிக்கொண்டே நடந்து வந்தாள். இது வண்டியா, நடக்கிறவர்களா? எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் மும்தாஜ். என்னைவிட வயதில் சின்னவள், வாய் பெரியது. அவளைக் கூவிக் கேட்டேன். பென்சிலை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: “அந்தாளு ஹெல்மெட் போட்டுட்டு தள்றான்னா டூ வீலர், கழட்டிட்டான்னா நடக்கிறவன். நக்கோ, வேணாம் ஸ்டெல்லாக்கா, இவ்ளோ யோசிக்காத, இதுக்கெல்லாம் அல்லாவே கணக்கு கேக்க மாட்டான்.”

மாதாவிடம் எதைக் கேட்பது?

எங்களை உட்கார வைத்த இடம் ஹுணசேமர கேட். கன்னடத்தில் புளியமரம் என்று அர்த்தம். மரத்தையும் காணோம், கேட்டையும் காணோம். என் மகள் ரீனாவைக் கட்டிக்கொடுத்த இடமும் அதுதான். மாப்பிள்ளை விடியற்காலையில் கேப் எடுத்துக்கொண்டு ஏர்போர்ட் பக்கம் போய்விடுவார். ரீனா ஒரு கண் ஆஸ்பத்திரியில் கவுன்டரில் சீட்டு எழுதுகிறாள். வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி போர்டு தெரியும். அங்கே போய்ச் சேருவதற்குள் உயிர் ஒரு தரம் போய்த் திரும்பும். நாங்கள் முதல் முறை எண்ணியபோது அவளுக்கு மசக்கை. பைபாஸ் திறக்கும்போது ஏழாம் மாசம்.

ஜனங்கள் ரோட்டைக் கடக்க, பட்டன் அழுத்துகிற சிக்னல் ஒன்று வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பைபாஸ் திறக்கட்டும், பிறகு எண்ணிப் பார்ப்போம், வண்டி நன்றாகக் குறைந்துவிட்டால் சிக்னல் எதற்கு, குறையாவிட்டால் கொடுக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வண்டி குறைந்தால் பிள்ளை பயமில்லாமல் கடப்பாள், ஆனால் சிக்னல் வராது. குறையாவிட்டால் சிக்னல் வரும், ஆனால் அது வருகிறவரைக்கும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அத்தனை வண்டிக்கும் நடுவில் அவள் போக வேண்டும். ராத்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்தால் எதைக் கேட்டு வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

பேசாமல் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இரு என்று ரீனாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதேகூட விட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நீ முதல்ல வண்டி குறையணுமா கூடணுமான்னு ஒரு முடிவுக்கு வாம்மா. தினம் ஒண்ணு கேட்டா மாதாவே குழம்பிடுவாங்க.”

இடிக்க வந்தவர்கள்

நாங்கள் பரீட்சை அட்டையும் ஷீட்டுமாக உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் கோவிந்தப்பாவின் மளிகைக் கடை. முதல் நாள் காலையில் நாங்கள் வெறும் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவரே இரண்டு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போட்டு, ஒன்றில் என்னை உட்காரச் சொல்லி, மற்றொன்றை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மும்தாஜுக்கு அனுப்பினார். ஃபில்டர் காபி வந்தது. மதியம் பாதாம் போட்ட பிஸ்கட் வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. காரணம் புரியாமல் யாராவது உபசரித்தால் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.

சாயங்காலம் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். “மேடம், நம்ம கடைப் படி ரோட்டுல வரலை. அப்பா காலத்துல இருந்து படி இங்கதான் இருக்கு. ரோடுதான் பெரிசாகிப் பெரிசாகி படிகிட்ட வந்திருக்கு. நீங்க அளக்கறப்ப கொஞ்சம் பார்த்து எழுதுங்க.” ரோட்டை அகலப்படுத்த வந்து கடையை இடிக்கக் குறி போடுகிறோம் என்று நினைத்துவிட்டார் பாவம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்களுக்கு இடிக்கிற அதிகாரமெல்லாம் இல்லை, நாங்கள் போகிற வருகிற வண்டியை எண்ணுகிறோம், அவ்வளவுதான் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார், சேரை ஒரு தரம் பார்த்தார். “அஷ்டேனா, அவ்ளோதானா? வண்டி எண்ணறதுக்கா? அப்ப கொஞ்சம் எழுந்திருங்கம்மா, சேர் கஸ்டமருக்கு வேணும்.”

மஞ்சள் ஜாக்கெட்

பைபாஸ் திறந்தது. லாரியெல்லாம் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. இரண்டாம் முறை எண்ணப் போனபோது, ரோடு காலியாக இருப்பதால் வண்டிகள் வேகமாக வருகின்றன, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஆபீஸில் எங்களுக்குப் பளபளக்கிற மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள். முன்னாலும் பின்னாலும் பெரிய எழுத்தில் ‘டிராஃபிக்’ என்றும், அதன் கீழே கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற எழுத்தில் ‘சர்வே’ என்றும் போட்டிருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கொடுத்தார்கள்.

எண்ணினால், டூ வீலர் கட்டத்தில் கோடே விழவில்லை. முன்னால் கை வலிக்க வலிக்கப் போட்ட கட்டம் அது. நாகராஜ் ஷீட்டைப் பார்த்து, “பைபாஸ் சக்சஸ்மா” என்று சந்தோஷப்பட்டார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. சிக்னல் போச்சே! அப்புறம்தான் கவனித்தேன். கொஞ்ச தூரத்தில் பைக்குகள் நன்றாகத்தான் வருகின்றன. என்னைப் பார்த்ததும் சடாரென்று வேகத்தைக் குறைத்து, கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சந்துக்குள் திரும்பிவிடுகின்றன. அந்தச் சந்தில் என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியவில்லை.

சந்துக்குள்ளிருந்து ஒரு அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். பேர் முனியம்மா என்று பிறகு தெரிந்தது. “ஏம்மா டிராஃபிக் போலீசு! உன்னைப் பார்த்து பயந்துகிட்டு ஹெல்மெட் இல்லாதவன், மூணு பேரா ஏறினவன், லைசென்ஸ் இல்லாதவன் எல்லாம் எங்க வாசல்ல பூந்து போறான். பாத்திரம் கழுவ உட்கார முடியல. நீ எந்திரிச்சு வீட்டுக்குப் போ தாயி, அப்பத்தான் அவங்க ரோட்டுல போவாங்க!”

மாடியிலிருந்து

நாகராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் முறை எண்ணும்போது எங்களுக்கு ஜாக்கெட் கிடையாது. அப்போது இருந்த நெரிசலில் யாரும் திரும்பி ஓடவும் முடியாது. இப்போது நாங்கள் போட்டிருந்த ஜாக்கெட்டே பாதி வண்டிகளைத் துரத்திவிட்டது. அந்தக் கணக்கு செல்லாது என்றார். தப்பு என் மேல் வந்துவிடுமோ என்று பயந்து நான் ஜாக்கெட்டைக் கழற்ற, ரோட்டில் உட்கார்ந்தால் கழற்றக்கூடாது, ஆபீஸ் ரூல் என்று அவர் மறுபடி மாட்டிவிட்டார். கடைசியில் ரோட்டில் உட்காராமல் இருப்பதுதான் வழி என்று, கோவிந்தப்பா கடைக்கு மேலே இருக்கிற டெய்லரிடம் கேட்டு, அவர் மாடி வராந்தாவில் என்னையும் மும்தாஜையும் உட்கார வைத்தார். போகிற வண்டி எனக்கு, வருகிற வண்டி அவளுக்கு.

இத்தனை நாளும் கீழே உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சக்கரம்தான் தெரியும். மேலிருந்துதான் அந்த ரோட்டை ஜனங்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று முழுசாகப் பார்த்தேன். பைபாஸுக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்து போகும். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் உடம்பை நுழைத்துப் போய்விடலாம். இப்போது வண்டி கம்மி, ஆனால் வருகிறது ஒவ்வொன்றும் பறக்கிறது. தூரத்தில் இருக்கிறது என்று காலை வைத்தால் பக்கத்தில் வந்துவிடுகிறது.

டியூட்டி நேரத்துக்கு ரீனா வெளியே வந்தாள். கையில் டிபன் பை. நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், சட்டென்று இறங்கினாள். பாதி ரோட்டில் வெள்ளைக் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஒரு பஸ். ஒரு கை வயிற்றின் மேல், மறு கையை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். அந்தக் கைக்கு யார் நிற்பார்கள்? நான் எழுந்து நின்றுவிட்டேன். பென்சில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்தது. எத்தனை வண்டி போயிற்று என்று எனக்குத் தெரியாது. மும்தாஜ் என் கையிலிருந்த அட்டையை இழுத்துத் தன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கோடு இழுத்துக்கொண்டே சொன்னாள்: “நீ பொண்ணை மட்டும் பாரு ஸ்டெல்லாக்கா. போறது வர்றது ரெண்டையும் நான் பார்த்துக்கறேன்.”

ஊரே ரோட்டைக் கடந்த நாள்

எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு ஆபீஸிலிருந்து இன்ஜினியர் மேடம் வந்தார். சின்ன வயசு. அமைதியாகப் பேசுவார். வண்டி குறைந்திருக்கிறது, ஆனால் வேகம் கூடியிருக்கிறது. அதனால் வண்டியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, எத்தனை பேர் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்றும் பார்த்துத்தான் சிக்னல் விஷயத்தைச் சொல்ல முடியும் என்றார். மறுநாள் ஜனங்களை எண்ணுகிற வேலை எனக்கு. ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆனால் மேடம் இதையெல்லாம் கோவிந்தப்பா கடை வாசலில் நின்று சொன்னார். கோவிந்தப்பா அந்த நேரத்தில் ரொம்ப மும்முரமாகத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கோடு போட ஆரம்பித்தேன். முனியம்மா கடந்தாள். அவளோடு அவள் மகளிர் குழுவே கடந்தது. கோவிந்தப்பா கடையைத் திறந்து போட்டுவிட்டுக் கடந்தார். பிள்ளையார் கோயில் பூசாரி கடந்தார். நிறைய பேர் கடக்கிறார்களே என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் பார்த்தால் அதே பச்சைப் புடவை திரும்பி வருகிறது. மறுபடி போகிறது. பூசாரி எதற்கு இத்தனை தரம் போகிறார்? கோயில் இந்தப் பக்கம்தானே இருக்கிறது? பொய்க் கணக்கு என்று ஆபீஸில் கண்டுபிடித்தால் சிக்னலையே ரத்து செய்துவிடுவார்கள். அதுவும் போகட்டும், ஆபத்தான ரோடு என்று நிரூபிக்க இப்படி வந்து வந்து விழுகிறார்களே, யாரையாவது வண்டி அடித்துவிட்டால்?

அப்போதுதான் அந்த வரிசையில் ரீனாவைப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முனியம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டு, நிதானமாக வருகிறாள்.

“ஏண்டி ரீனா! அறிவிருக்கா உனக்கு? போ வீட்டுக்கு!” என்று மாடியிலிருந்து கத்தினேன்.

“எனக்குக் கோடு போட்டியாம்மா?” என்று கீழேயிருந்து அவள் கத்தினாள்.

கூட்டம் மொத்தமும் என்னை அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. இரண்டு பக்கமும் வண்டி நின்று, ஏரிக்கரை வரைக்கும் ஹாரன் சத்தம். நாகராஜ் பைக்கை எங்கேயோ போட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்க மாடி ஏறி வந்தார். “பைபாஸ் திறந்ததுல இருந்து இந்த ரோட்டுல ஒரு ஜாம் இல்லம்மா. உங்க சம்பந்தி ஊர்க்காரங்க காபி குடிக்கிற நேரத்துல பண்ணிட்டாங்க. இதை நான் எந்தக் கட்டத்துல போடறது, சொல்லுங்க?”

ஒன்றா, இரண்டா?

அந்த ஷீட் குப்பைக்குப் போனது. வேறொரு நாள் யாருக்கும் சொல்லாமல் எண்ணப் போகிறோம், மூச்சுக்கூட விடக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளிடமும் சொல்லக்கூடாது என்றார். இந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, நாளைக்கு மாடியிலிருந்து உன்னைத்தான் பார்க்கப்போகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் தவறிவிடும் என்று தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

மறுநாள் யாரும் இரண்டு தரம் கடக்கவில்லை. ஸ்கூல் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். கண்ணில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் எவ்வளவோ நேரம் நின்றுவிட்டு, ஆட்டோ பிடித்து எதிர்ப்பக்கம் போனார். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை, அவர் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ரீனா வந்தாள். நின்றாள். எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தேன். கடந்து முடித்தாள். கோட்டை இழுத்தபோது பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திவிட்டேன். “உள்ள இருக்கறதுக்கும் சேர்த்து ரெண்டா போடுக்கா” என்றாள் மும்தாஜ். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. ரூல் என்ன சொல்கிறதோ? பின்னால் நின்றுகொண்டிருந்த மேடத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஷீட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “இப்போதைக்கு ஒண்ணு போதும் ஆன்ட்டி. அது தானா நடந்து கடக்கும்போது தனியா ஒரு கோடு போட்டுக்கலாம்.”

சாக்குப்பை

சிக்னல் கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கொஞ்ச நாளில் கம்பமும் நட்டார்கள். விளக்கும் மாட்டினார்கள். மாட்டியதும் அதன் முகத்தில் ஒரு சாக்குப்பையைப் போட்டுக் கயிற்றால் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கரன்ட் கனெக்‌ஷன் வரவேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து முதலில் கம்பத்தைப் பார்ப்பேன், பிறகுதான் மகளைப் பார்ப்பேன். சாக்கு அப்படியே இருக்கும். மகள் வயிறு மட்டும் இறங்கிக்கொண்டே வரும்.

பிரசவத்துக்கு அவளை காக்ஸ் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆட்டோவோடு வந்த அன்றைக்கும் சாக்குப்பைதான். இனி அவள் இந்த ரோட்டைக் கடக்க வேண்டாம் என்ற நிம்மதி ஒரு பக்கம், இத்தனை நாளும் அவள் கடந்தபோது வராத சிக்னல் இனி யாருக்கு என்ற ஆத்திரம் ஒரு பக்கம். கடை வாசலில் நின்று புலம்பினேன். கோவிந்தப்பா இந்தத் தடவை கேட்காமலே சேர் கொண்டுவந்து ரீனாவை உட்கார வைத்தார். “டென்ஷன் ஆகாதீங்கம்மா. உள்ள நல்லாத்தான் இருக்கு, வெளிய வரலை, அவ்ளோதான். உங்க பொண்ணுக்கும் சிக்னலுக்கும் ஒரே நாள்ல ஆனாலும் ஆகும்.”

பச்சை

ஒரே நாளில் ஆகவில்லை. பேத்தி முதலில் வந்தாள். ஞானஸ்நானம் முடிந்து, லீவு முடிந்து, ரீனா வேலைக்குத் திரும்புகிற சமயத்தில் சாக்கை எடுத்திருந்தார்கள். முதல் நாள் நானும் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு ரூமில் குழந்தையை வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். பசித்தால் அவள் வந்து பால் கொடுப்பாள். நான் குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். ரீனா பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வண்டிகளுக்குச் சிவப்பு விழுந்தது, எங்களுக்குப் பச்சை விழுந்தது. பஸ் நின்றது. தண்ணீர் லாரி நின்றது. பைக்குகள் புஸ்ஸென்று வந்து கோட்டின் மேல் ஏறி, கொஞ்சம் பின்வாங்கி நின்றன. ரீனா விறுவிறுவென்று நடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

என்னால் காலை எடுக்க முடியவில்லை. நிற்கிற லாரி நிஜமாகவே நிற்கிறதா, பிரேக் பிடிக்குமா, டிரைவர் போன் பார்க்கிறாரே, பச்சை போவதற்குள் நான் பாதி ரோட்டில் மாட்டிக்கொண்டால்? யோசித்து முடிப்பதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முனியம்மா மறுபடி பட்டனை அழுத்தினாள். மறுபடி எல்லாம் நின்றது. மறுபடி நானும் நின்றேன். அடுத்து வந்து நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். இன்னொரு தண்ணீர் லாரியின் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டு, வாங்க வாங்க என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ரீனா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்: “அம்மா, மொத்த ரோடும் உனக்காகத்தான் நிக்குது, வந்து தொலையேன்!”

வண்டி கூடினால் பயம், குறைந்தால் பயம், மொத்தமாக நின்றால் அதற்கும் பயம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைத் தாண்டி பைபாஸால் பழைய ரோட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள், தயவுசெய்து ஆபீஸில் போய் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.